பூண்டுப் புகை

வில்பட்டி மகாதேவியும் நானும் கொடைக்கானல்ல ஒரே லாட்ஜுல ரூம் கூட்டிப் படுக்கை விரிக்கிற சோலி பார்க்குறோம். அவளுக்குப் பத்தொன்பது வயசு. அடக்கமான புள்ளைன்னு ஊரே சொல்லும். அடக்கமாம்! போன மே மாசம் சீசனுக்கு ஜீப் ஓட்ட வந்த பாலகுமாரைப் பார்த்ததுல இருந்து, விரிச்ச படுக்கையவே திரும்ப விரிச்சுக்கிட்டு நின்னா. "அவன் பக்கத்துல நின்னா காய்ச்சலடிக்குதுக்கா"ன்னு என்கிட்டயே சொன்னா.

பாலகுமார் வீட்டுக்காரங்க சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்து குடியேறினவங்க. இவ வீட்டுல பூண்டு வெவசாயம். தங்கச்சி வேற சாதிக்காரன்கூடப் பேசினாலே வெட்டிருவேன்னு திரியிறவன் அண்ணன் முருகானந்தம். தெரிஞ்சே பாலகுமாரைக் கூட்டிக்கிட்டுப் போனா. எங்கே? தன் வீட்டுப் பூண்டுக் கொட்டகைக்கே. விதைப்பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடியில புகை போட்டிருக்கும். மத்தியானத்துல ஒரு பய வரமாட்டான்.

யாரும் பார்க்கலைதான். ஆனா ஊர்லயே முருகானந்தம் மட்டும்தான் தைல மர இலையைச் சேர்த்துப் புகை போடுவான். அந்தப் புகையிலயே பொறந்து வளர்ந்தவ மூக்குக்கு அது எட்டாது. பாலகுமார் ஸ்வெட்டர் பூரா அந்த வாடை ஏறிக் கெடந்தது இந்தக் கூறுகெட்டவளுக்குத் தெரியலை.

ஒரு நாள் காலையில ஊருக்குள்ள வந்த முருகானந்தம் பாலகுமார் ஜீப்புல ஏறினான். லாட்ஜ் வாசலுக்கு வர்ற வரைக்கும் அந்த வாடையை மோந்து மோந்து பார்த்துக்கிட்டே வந்திருக்கான். வண்டி நின்னதும், "ஏலே, என் கொட்டகையில உனக்கு என்னடா சோலி?"ன்னு சட்டையைப் புடிச்சுக் கீழே தள்ளி, ஜாக்கிக் கம்பியால முட்டியில போட்டான். எலும்பு முறிஞ்ச சத்தம் மாடியில நின்ன எனக்குக் கேட்டுச்சு. மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு. ஓடிவந்த மகாதேவி பூந்தொட்டியைத் தூக்கி அண்ணன் மண்டையில இறக்கிட்டா. படியெல்லாம் ரத்தமும் மண்ணும். அதைக் கழுவினது நான்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்துச்சு. முருகானந்தம் தலையில கட்டோட அடுத்த வார்டுல கெடந்தான். "இந்தப் பொண்ணைத் தெரியுமா?"ன்னு கட்டில் பக்கத்துல நின்ன மகாதேவியைக் காட்டிப் பாலகுமார்கிட்ட கேட்டாங்க. அவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"தெரியாதுங்க சார். சவாரித் தகராறு."

மகாதேவியோட அம்மா வேலுத்தாய் மக கையை இறுக்கிப் புடிச்சு, "நீயும் அதையே சொல்லிரு தாயி, வெரசா வீட்டுக்குப் போயிருவோம்"னு கெஞ்சினா.

மகாதேவி போலீஸ் பக்கம் திரும்பினா. "எனக்கு இவரைத் தெரியும் சார். கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனது நான். இவர் காலை ஒடிச்சது எங்கண்ணன். அவன் மண்டையை ஒடைச்சதும் நான்தான். எழுதிக்கங்க."

வேலுத்தாய் புடிச்ச கையை விட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.