ஓதிப் பார்க்கிறவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷினுக்கு முன்னால் இருபத்தொரு வருஷம் நின்றவளை எல்லோரும் 'இஸ்திரிக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வார்டு விரிப்புகள் துவைத்து உலர்ந்து அவளிடம் வரும். மடிப்பு நேராக விழாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வாய்த்துடுக்கு வேறு. சூப்பர்வைசர் முதல் டாக்டர் வரை யாரையும் விட்டுவைக்க மாட்டாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கைகால் முகம் கழுவி ஒளூ செய்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாராவது ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து குர்ஆன் ஓத ஆரம்பித்தால், அந்த வாயா இது என்று தோன்றும். பக்கத்துக் கட்டில்காரர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். "குணமாகணும்னா இஸ்திரிக்காவைக் கூப்பிட்டு ஓதிப் பார்க்கச் சொல்லுங்க" என்று நர்சுகளே சொல்லிவிடுவார்கள்.

அதில் அவளுக்குப் பெருமை உண்டு, இல்லையென்று யார் சொன்னது. ஏழு வயதில் அரபு எழுத்துக்கூட்டக் கற்றவள். குர்ஆனின் முப்பது பாகத்தையும் எத்தனையோ முறை ஓதி முடித்தவள். அர்த்தம்? அது மார்க்கம் படித்த ஆலிம்களின் சமாச்சாரம் என்று விட்டுவிட்டாள். நம்மில் பாதிப் பேர் கதை அதுதானே. நோயாளிக்கு ஓத வேண்டியதை அவள் ஓசையைக் கேட்டுத்தான் பொறுக்கினாள். ரொம்பப் பிடித்தது சின்னச் சின்னதாக ஐந்து வசனங்கள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே ஓசையில் போய் நிற்கும், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

அந்த ஐந்தைத்தான் பெயிண்டருக்கும் ஓதினாள். சாரத்திலிருந்து விழுந்து, பதினாலாம் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்த மனிதர். மூன்றாம் நாள் ஓதி முடித்ததும் அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கேக்கும்போதே மனசு லேசாகுது. என்ன சொல்லுதுக்கா இது?"

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இஸ்திரிக்காவுக்கு நாக்கு எழவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நோயாளிக்கு ஆறுதல் சொல்ற வசனம்மா. கவலைப்படாதே, எழுந்திருச்சிடுவார்னு வருது" என்றாள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, புண்ணியம் செய்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

நான்கு நாள் கழித்து பெயிண்டர் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்கப் போன இஸ்திரிக்கா பெண்கள் கூட்டத்தோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்து மூன்று மணி நேரமாகியிருந்தது. தூரத்துத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் அப்போதுதான் தோள்பையைக்கூட இறக்காமல் வாசலில் வந்து நின்றான்.

"நான்தான் அன்னைக்கே வரவான்னு கேட்டேனேம்மா. ஏன் வேணாம்னு சொன்னே?"

"எழுந்திருச்சிடுவார்னு ஓதினதுலயே இருக்குன்னு அந்த அக்கா சொன்னாங்கப்பா. அதை நம்பித்தான்..."

அவன் தாயை ஒரு பார்வை பார்த்தான். ஊருக்கே வாய் கொடுக்கிற இஸ்திரிக்கா, முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடையைக் கட்டினாள்.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் ஓதிப் பார்க்கப் போகவில்லை. கேட்டால் தொண்டைக்கட்டு என்பாள். "ஒன்றரை வருஷமா ஒரு தொண்டைக்கட்டா? கின்னஸ்ல போடலாம்" என்று கேலி செய்தார், ஆட்டோ ஓட்டும் அவள் கணவர். தமிழ் விளக்கத்தோடு ஒரு குர்ஆன் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. எடுத்துப் புரட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். எடுக்கத்தான் பயம். தூசி தட்டுவாள், திரும்ப வைத்துவிடுவாள். தெரியாத வரைக்கும், தற்செயலாக உண்மையைத்தான் சொல்லியிருப்போமோ என்று ஒரு நப்பாசை இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைப் பெண் ஒருத்தி டயர் கடை மாடியில் ஞாயிறு வகுப்பு தொடங்கினாள். குர்ஆனில் அடிக்கடி வரும் சொற்களைப் படித்துக்கொண்டாலே எவ்வளவோ புரியுமாம். வாரம் இருபது சொல். நாள், பூமி, வானம், யார், எது, சொன்னான், சொல்லப்பட்டது. இஸ்திரிக்கா சொற்களை அட்டையில் எழுதி மெஷின் மேல் ஒட்டிவைத்தாள். ஆவி பட்டு அட்டை சுருண்டது. சொற்கள் மண்டையில் ஏறின.

நான்காம் வாரம், விரிப்பு மடித்துக்கொண்டே பழைய ஐந்தையும் முணுமுணுத்தவளுக்குக் கை நின்றுவிட்டது. 'மன்' என்றால் யார். 'கீல' என்றால் சொல்லப்பட்டது. அப்படியானால் வசனத்துக்குள்ளே யாரோ எதையோ கேட்கிறார்கள். தான் சொன்ன ஆறுதல் எங்கே? அன்று வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து தமிழ் விளக்கத்தைப் புரட்டிவிட்டாள். உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடும்போது, ஓதிப் பார்ப்பவர் யாராவது உண்டா என்று கேட்கப்படும். இதுதான் பிரிவு என்று போகிறவனுக்குத் தெரிந்துவிடும். இதைத்தான் அவள் இத்தனை கட்டில்களில், குரலை இழைத்து இழைத்து ஓதியிருக்கிறாள். அந்தப் புத்தகம் மகனைக் கூப்பிடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கூப்பிடாதே என்று சொன்னது அவள் வாய்.

ஆறாம் வாரம் வகுப்புக்குப் பெயிண்டரின் மனைவி வந்து சேர்ந்தாள். வந்தவள் நேரே இஸ்திரிக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களைப் பார்த்ததுல எவ்வளவு சந்தோஷம் தெரியுமாக்கா! பையன் மாசம் ஒருதரம் போன் பண்றான், நல்லாயிருக்கியான்னு கேட்டுட்டு வச்சிடுறான். அவன் மனசு ஆறவே இல்ல. நீங்க ஓதினதை நானே வார்த்தை வார்த்தையா படிச்சு அவனுக்குச் சொல்லணும். அம்மா சும்மா சொல்லலடா, இதோ பாருன்னு காட்டணும். அது எந்த சூராக்கா, எத்தனையாவது அத்தியாயம்?"

"பார்த்துச் சொல்றேம்மா" என்றாள் இஸ்திரிக்கா. அடுத்த வாரம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றாள். அதற்கடுத்த வாரம் தலைவலி. அந்த அம்மாவோ வாரா வாரம் இருபது சொல்லையும் நெட்டுருப் போட்டுவிட்டு, இவள் நோட்டில் தப்பு இருந்தால் அன்போடு திருத்தியும் கொடுத்தாள். அந்த அன்பைத் தாங்குவதற்கு நாலு திட்டு வாங்கிவிடலாம்.

ஒன்பதாம் ஞாயிறு வகுப்பு முடிந்து, மாடிப்படியில் இறங்கும்போது அந்த அம்மாவின் போன் அடித்தது. மகன்தான். "இருப்பா, அந்த அக்கா இங்கதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஆசையோடு இவளைப் பார்த்தாள். "சூரா பேரை மட்டும் சொல்லுங்கக்கா."

இஸ்திரிக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்படியொண்ணு அதுல இல்லம்மா. அன்னைக்கு எனக்கு அர்த்தமே தெரியாது. நாலு பேர் முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டு, நானா இட்டுக்கட்டினேன்."

அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு இவள் மடியில் வைத்தாள். "இதை அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். குரலில் அக்கா இல்லை.

சொன்னாள். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல தம்பி, எல்லாம் என் வாய்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

துறைமுக இரைச்சலுக்கு நடுவே அவன் கேட்டான். "எங்கப்பாவுக்குக் காது கேட்டுச்சா, நீங்க ஓதினது?"

இருமி, தொண்டையைக் கனைத்து, ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று பழைய வாய் எழுந்து வந்தது. ஏழெட்டு வார்த்தை தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"தெரியாது தம்பி" என்றாள்.