டெக்சாஸுக்குப் போகாத போலந்து ஆன்ட்டி

எங்கள் வீட்டுத் தொலைபேசியை நான்கு பேர் பயன்படுத்தினோம். அப்பா, அம்மா, நான், கீழ்வீட்டில் இருந்த போலந்து ஆன்ட்டி. ஆன்ட்டி தன் வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. தன் ஊரில் பல வருடங்கள் தன் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருந்ததில் அந்தக் கருவியின் மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்பார். அவசரமென்றால் மாடியேறி வந்து எங்கள் போனில் பேசுவார். அவரைத் தேடுகிறவர்களிடமும் எங்கள் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்.

இது நியூ ஜெர்சியில், தொண்ணூறாம் வருடம். எனக்கு எட்டு வயது. ஈரோட்டிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே வேலைக்குப் போனார்கள். மூன்று மணிக்குப் பள்ளிப் பேருந்து என்னை இறக்கிவிட்டதும் நேராக ஆன்ட்டி வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் விடிவதற்கு முன்பே ஒரு பேக்கரிக்குப் போய் ரொட்டி சுட்டுவிட்டு மதியம் திரும்பியிருப்பார். அவர் பெயரில் மெய்யெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அம்மா இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, அவரைப் போலந்து ஆன்ட்டி ஆக்கிவிட்டார்.

போலந்தில் அவர் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். தொழிலாளர்களோடு சேர்ந்து ரகசியமாகத் துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்தவர். ராணுவச் சட்டம் வந்த குளிர்காலத்தில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டபோது, போக மட்டும் முடியும் திரும்பி வர முடியாது என்கிற மாதிரி ஒரு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நேற்றுக் கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலத்தான் அவர் சொல்வார், நானும் அப்படியே கேட்டுக்கொள்வேன். கேக் பெட்டிக்குள் அச்சு மை டப்பாக்களை அடுக்கிக்கொண்டு அவர் டிராமில் போனபோது, ஒரு போலீஸ்காரர் எழுந்து இடம் கொடுத்து, யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை வாரம் ஒரு முறையாவது சொல்ல வைப்பேன்.

முந்தின வருடம் அங்கே ஆட்சி மாறியிருந்தது. அவரோடு சிறையில் இருந்தவர்கள் மந்திரிகளாகிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு லெட்டர் வந்திருக்குது. இண்டியாவுக்கு அம்பாசடரா போறீங்களான்னு கேட்டிருக்காங்க. இந்த வாரம் போன் பண்ணுவாங்களாம், நம்ம நம்பருக்குத்தான்."

"ரொட்டி சுடறவங்களையா?" என்றார் அம்மா.

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு பார்க்கோணுமல்ல."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அது செரிங்க. அப்ப இவளை டேகேர்ல போடறதா?"

ஆட்சி மாற்றத்தின் முழு விளைவும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி விட்டதும் ஆன்ட்டியிடம் இருந்த எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, கலர் பென்சில் எடுக்க மாடிக்கு வந்தேன். போன் அடித்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு ஆண்குரல். வார்சாவிலிருந்து, வெளியுறவு அமைச்சகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஆன்ட்டியின் பெயரை ஒரு எழுத்தும் சிதையாமல் உச்சரித்தது. அங்கே அப்போது இரவு ஒன்பது மணி என்று பிறகு அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். புது அரசாங்கம், அதனால் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தார்கள் போலிருக்கிறது.

"அவங்க இங்க இல்ல. டெக்சாஸுக்குப் போயிட்டாங்க" என்றேன்.

என் சித்தப்பா போன வருடம்தான் டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்கு வேலை மாறிப் போயிருந்தார். போனவர் எங்களைப் பார்க்க வரவே இல்லை. ஆகவே, ஒருவர் திரும்பி வராமல் இருக்க ஏற்ற இடமாக எனக்கு அது பட்டது. அந்த மனிதர் அவருடைய புது நம்பரைக் கேட்டார். அவங்க வீட்டுல போன் கிடையாது என்றேன். அதுவாவது உண்மையாக இருந்ததில் எனக்குத் திருப்தி. கலர் பென்சில்களோடு கீழே போய் ஒரு குதிரை வரைந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி கேட்டார், தனக்குப் போன் ஏதாவது வந்ததா என்று. இல்லை என்றேன். புதன்கிழமையும் கேட்டார், புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது கீழ்வீடு பூட்டியிருந்தது. மாடியில், அம்மா கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்துகொண்டு, எங்கள் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தார். தலைமுடியைப் படிய வாரியிருந்தார். வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு போனுக்காகக் காத்திருப்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. நான்கு மணியானது. ஐந்தானது. அவர் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ன அம்மிணி இப்படிப் பண்ணிப்போட்ட" என்று அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆன்ட்டி கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். நான் சொன்னதை வார்த்தை மாறாமல் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். குரல் நடுங்கியதா என்று கேட்டார். இல்லை என்றேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவருடைய ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்ததுபோல வரும்.

"முதல் பாதி நல்லா இருந்தது. டெக்சாஸ்தான் தப்பு. தெரியாதுன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கணும். அதிகமா சொன்னா மாட்டிக்குவோம்" என்றார்.

நான் மூக்கை உறிஞ்சினேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது அவங்ககிட்ட சொன்னது. எங்கிட்ட ரெண்டு நாள் சொன்னது வேற. அதுக்கு எனக்குக் கோபம்."

"எவ்வளவு நாளைக்கு?"

கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கிழமை வரைக்கும்" என்றார். சொன்னபடி ஞாயிறுவரை என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாட்களைப்போல நீளமான நாட்களை நான் அப்புறம் அதிகம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் பேக்கரிக்குப் போகவில்லை. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, நின்றபடியே தானே வார்சாவுக்குப் போன் செய்தார். பள்ளிப் பையோடு கதவருகே நின்று கேட்டேன். அவர் பேசியதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் டெக்சாஸ். அந்தப் பக்கத்துச் சிரிப்பு ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது. பிறகு ஆன்ட்டி சிரிக்காமல் ஒரே ஒரு சொல் சொன்னார். "தாக்." ஆமாம் என்று அர்த்தமாம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அம்மா அவருக்கு டெல்லியைப் பற்றி நிறைய ஆலோசனை சொன்னார். அம்மா டெல்லியைப் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமாவின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி, "ஏதாச்சும் அவசரம்னா எங்கண்ணன் உடனே வந்துருவாருங்க" என்று கொடுத்தார். ஆன்ட்டி அதைப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டார். இந்திய ஜனாதிபதியிடம் நியமனக் கடிதத்தைக் கொடுக்கும்போது ஆங்கிலத்தில் சில வரிகள் சொல்ல வேண்டும், அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார். நான் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் ஜனாதிபதியாக உட்கார்ந்தேன். ஆன்ட்டி நீலக் கோட்டில் சமையலறையிலிருந்து நேராக நடந்து வந்தார். தலை லேசாகத் தாழ்ந்தது. என் ஸ்பெல்லிங் நோட்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். பேச்சைக் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தார். "மை..." என்று சொல்லி நின்றுவிட்டார்.

திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தார். "மை..." மறுபடியும் அங்கேயே நின்றார். மூன்றாவது முறை முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வரும் சொல் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு அது வராது. "கவர்ன்-மென்ட். நடுவுல ஒரு N இருக்கு. மெதுவா சொல்லுங்க" என்றேன். ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நல்ல மாணவியைப்போல அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான்காவது முறை, "மை கவர்ன்மென்ட்" என்று சேர்த்தே சொன்னார். நான் ஜனாதிபதி என்பதை மறந்து கைதட்டினேன். ஆன்ட்டிக்குக் கவர்ன்மென்ட் சொல்ல வரவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகு பள்ளியில் இரண்டு பேரிடமும் சொன்னேன்.

அரசாங்கம் என்ற சொல்லை அவர் வாழ்நாளெல்லாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லிவந்தவர். அதை எதிர்த்து அச்சடித்தவர், அது பூட்டிய அறையில் இருந்தவர். அவரை நிறுத்தியது அதற்கு முன்னால் வரும் 'மை', 'என்னுடைய' என்கிற சின்னச் சொல். எட்டு வயதில் எனக்கோ அதைவிடச் சுலபமான சொல் வேறொன்று இருக்கவில்லை.