கேட்டில் கொடுத்து வைத்த தைலம்

அம்மா இறந்த பிறகு, சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனிக்கே நானும் போனேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு வேறு எங்கே வேலை? முதல் நாள் சோற்றுப் பையில் அம்மாவின் நீலகிரித் தைலப் பாட்டிலையும் வைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து கம்பெனியில் டூர் போனபோது கொடைக்கானலில் அவள் வாங்கியது. தடுமன் என்றால் வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டு, என்னையும் தம்பியையும் போர்வைக்குள் தலையை விடச் சொல்வாள். அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். தோள் வலிக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்ப்பாள். "நேரா தடவாதீக, எரியும்" என்று சொல்லியும் கேட்காமல் அப்பா ஒருநாள் கழுத்தில் அப்படியே பூசிக்கொண்டு தெருக் குழாய்க்கு ஓடினார். அம்மா சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டது.

இப்போது அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். மூடியைத் திறந்தால் அம்மா வாசனை. அது தீர்ந்துவிடக் கூடாது என்று யாரையும் தொடவிடவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் மாமா பையைத் துழாவிப் பாட்டிலை எடுத்தார். மூடியில் அம்மா சுற்றியிருந்த பச்சை நூலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சட்டுனு தீப்பிடிக்கிற சாமான் தாயி. உள்ள விடமாட்டேன்."

"அப்ப நானும் போகல."

வேலைக்கு வந்து பின்னால் வரிசையில் நின்ற ஒரு அக்கா முதுகில் இடித்தாள். "ஏ பிள்ள, குடுத்துட்டு வா. பாட்டிலுக்கு என்ன, காலா மொளச்சிருக்கு ஓடிப்போக?"

கொடுத்தேன். சாயங்காலம் வாங்கும்போது அவர் துண்டில் அம்மா வாசனை. பாட்டிலில் எண்ணெய் குறைந்திருந்தது.

"யாரக் கேட்டு எடுத்தீக? அது எங்கம்மாது!" கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

மாமா துண்டைப் பின்னால் மறைத்தார். "தெரியும் தாயி. காலைல நூலப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உங்கம்மாவும் தெனம் இங்கனதான் குடுத்து வைக்கும். நான் ரெண்டு சொட்டு துண்டுல விட்டுக்கிருவேன். பழக்கதோசம். சாயங்காலம் பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு என்னைய வையும்."

"என்னன்னு?"

"வீட்ல நாலு மூக்கு இருக்கு, ஒம்ம மூக்குக்கும் சேத்தா நான் மலையேறணும்னு."

அம்மாவேதான். அழுதுகொண்டே சிரித்தேன். அந்த அக்காவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீடு திரும்பும் கம்பெனி வேனில் ஏறியதும் மூடியைத் திறந்தேன். ஆளாளுக்குச் சேலை முந்தியை நீட்டினார்கள். வெடிமருந்து வாடை போய் வேன் முழுக்கத் தைலம் மணத்தது. ஊர் வருவதற்குள் பாட்டில் காலி.

அந்த வருஷ டூரில் நானே ஒரு புதுப் பாட்டில் வாங்கி, பழைய நூலை அதில் சுற்றினேன். மறுபடி வேலை தொடங்கிய அன்று காலையில், மாமா கேட்பதற்கு முன்பே அவர் கையில் கொடுத்தேன். சாயங்காலம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குறைந்திருந்தது.

"ஏ மாமா, வீட்ல மூணு மூக்கு இருக்கு. ஒங்க மூக்குக்கும் சேத்தா நான் மலையேறணும்?"