கண்ணாடி காட்டிய தூரம்

தென்காசி ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் மந்திரமூர்த்திக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். சாரல் காலம் தொடங்கிவிட்டால் அதிலும் ஆள் இருக்க மாட்டான். குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் மோதிரத்தை, மூக்குத்தியை, சில சமயம் ஆளையே ஆற்றில் விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். "மூர்த்தியக் கூப்பிடுங்கலே" என்று யாராவது ஓடி வருவார்கள். அருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் ஆழமான மடு ஒன்று உண்டு, யானைக்கசம் என்பார்கள். அதற்குள் முங்கித் தேட அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

முங்குகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு கையையும் அகல விரித்துத் துழாவ வேண்டும். கலங்கல் தண்ணீரில் கண்ணைத் திறந்து என்னத்தைப் பார்ப்பது? இடுப்பில் நார்க்கயிறு; அதன் மறுமுனை கரையில் நிற்கிற முகம்மது கனியின் கையில். கனி தறி நெய்கிறவர், மூர்த்தியின் கூட்டாளி. ஒரு சுண்டு சுண்டினால் கயிற்றை நீட்டி விட வேண்டும். இரண்டு சுண்டினால் இழுக்க வேண்டும். இப்படியே பத்து வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மூர்த்திக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. சலூனில் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையில், ஒரு வெள்ளைக்காரன் முகத்தில் கண்ணாடியும் காலில் தவளைப் பாதமுமாகக் கடலுக்கடியில் நீந்துகிற படத்தைப் பார்த்துவிட்டான். மெட்ராஸில் ஒரு கடைக்கு எழுதிப் போட்டு விலை கேட்டான். கண்ணாடி ஒன்றுக்கே ஒரு சைக்கிளின் விலை சொன்னார்கள்.

"சவத்தத் தள்ளு, நானே செய்யுதேன்" என்று உட்கார்ந்துவிட்டான்.

சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் ஒரு வட்டக் கண்ணாடி வெட்டி வாங்கினான். லாரி டியூபை முகத்துக்கு அளவாக அறுத்து, மூக்கும் உள்ளே அடங்கும்படி கண்ணாடியைச் சுற்றி பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினான். தலையைச் சுற்றிக் கட்ட சைக்கிள் டியூப். ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் புகையிலையைத் தேய்த்தான். அரிசி மில்லில் கழித்துப் போட்ட பெல்ட்டில் ஈயக் குண்டுகளைக் கோத்து இடுப்புக்கு வார் செய்தான். தண்ணீருக்கு மேலே மூச்சு வாங்கப் பப்பாளித் தண்டு. தவளைப் பாதம் மட்டும் அமையவில்லை; செருப்பில் தகரத்தை அடித்து நீந்திப் பார்த்துக் கெண்டைக்கால் கிழிந்ததுதான் மிச்சம். அவன் மனைவி வள்ளித்தாய் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனாள்.

கிணற்றில் இறங்கிப் பார்த்தான். அடி ஆழத்துக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அடேயப்பா! ஆடியில் சாரல் கொஞ்சம் ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்த ஒரு நாள், கசத்திலும் பார்த்துவிடுவோம் என்று கனியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனான். அன்றைக்குத்தான் அது நடந்தது.

வடக்கே பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சபையார் பஸ் பிடித்துக் குளிக்க வந்திருந்தார்கள். அவர்களில் ஏசுதாசன் என்ற வாத்தியாரைக் காணோம். சட்டையும் கைக்கடிகாரமும் பாறை மேல் மடித்து வைத்தபடி இருந்தன. நீச்சல் தெரியாத மனிதர். அவர் மனைவி ஜெபமலர் பாறையில் நின்று கத்திய கத்து அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மூர்த்தி கண்ணாடியை எடுத்து மாட்டினான்.

"அது எதுக்குவே இப்ப? கண்ண மூடிக்கிட்டுக் கையால துழாவும்" என்றார் கனி.

"நீரு கயித்தப் பிடியும்" என்று குதித்துவிட்டான். இத்தனை பேர் பார்க்கிறார்களே, நம் கண்ணாடியின் மகிமை தெரியட்டும் என்ற பெருமைதான். வேறென்ன?

உள்ளே ஏசுதாசன் தெரிந்தார். பாறை இடுக்கில், கண் திறந்தபடி, உயிரோடு. மூர்த்தியைப் பார்த்தார். வலது கையை நீட்டினார். மூர்த்தியும் நீட்டிப் பிடித்தான். தண்ணீரைத்தான் பிடித்தான். முகத்துக்கு நேரே இருந்த கை, பிடிக்கப் போனால் அங்கே இல்லை. மறுபடி பிடிப்பதற்குள் நீரோட்டம் அவரைப் பாறைக்கு அடியில் உருட்டிவிட்டது. இவனுக்கு மூச்சு முடிந்தது. இரண்டு சுண்டு சுண்டினான். கனி இழுத்தார்.

மூன்றாவது முங்கில், கண்ணாடியைக் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டுத் துழாவித் தலைமுடியைப் பிடித்துக் கொண்டுவந்தான். வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, உயிர் வரவில்லை.

சபை உபதேசியார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "உள்ள எப்படி இருந்தாரு?" என்று கேட்டார்.

"அமைதியா இருந்தாரு. கையைக் கால அசைக்கவே இல்ல" என்றான் மூர்த்தி. யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் கிணற்றில் ஒரு பித்தளைத் தம்ளரைப் போட்டுவிட்டு, கண்ணாடியோடு இறங்கி, எட்டி எடுத்துப் பார்த்தான். எடுக்க முடியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் இருக்கிற இடத்தை விடக் கிட்டத்தில் தெரிகிறது. ஒரு கை நீளத் தூரத்தில் ஒரு சாண் மோசம் போய்விடுகிறது. முதலில் இறங்கிய அன்றைக்கே இதைப் பார்த்திருக்கலாம். அன்று கல்லை வேடிக்கை பார்த்தானே தவிர, எதையும் எட்டி எடுத்துப் பார்க்கவில்லை, பாவி.

அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரிலும் அந்தக் கை வந்தது. பஞ்சர் தொட்டியில் டியூபை அமுக்கினால் குமிழிக்கு நடுவே ஐந்து விரல். முகம் கழுவக் குனிந்தால் வாளிக்குள் விரல். அண்டாவில் தண்ணீர் மொள்ள மாட்டான். வள்ளித்தாய்தான் செம்பில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். "என்னத்தப் பாத்துப் பயப்படுதிய?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. கனியிடம்கூடச் சொல்லவில்லை. முங்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கண்ணாடியோடேயே அந்த ஒரு சாணைக் கூட்டி எட்டப் பழகிக்கொண்டு நாலைந்து பேரை உயிரோடு தூக்கினான். ஊரே மெச்சியது. மெச்ச வந்தவர்களிடம் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

ஜெபமலரோ ஒவ்வொரு வருஷமும் ஆடியில் ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியோடு வந்துவிடுவாள். உடம்பையாவது எடுத்துக் கொடுத்த நன்றிக்காம். அவள் தலை தெரிந்ததும் மூர்த்தி பின்பக்கமாக நழுவிவிடுவான். அந்தக் கருப்பட்டியில் ஒரு துண்டுகூட அவன் வாயில் வைத்ததில்லை.

எட்டாவது வருஷம் நழுவ முடியவில்லை. அவள் நேரே வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு நெசமாவே கையைக் கால அசைக்கலியா?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"அந்த மாசந்தான் அவருக்கு ஸ்கூல்ல வேல போயிருந்துச்சு. சட்டைய வேற மடிச்சு வச்சிருந்தாரு. அசையாமக் கிடந்தாருன்னா மனசோட போயிருக்காருன்னு ஊர்ல முடிவு கட்டிட்டாக. தானா உயிர விட்டவருன்னு கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடல அண்ணாச்சி. வேலிக்கு வெளிய, முள்ளுக்காட்டுல வச்சிருக்கு. செபம்கூடப் பண்ணல. உங்க வார்த்தையத்தான் சாட்சியாச் சொல்லுதாக."

மூர்த்தியின் கையில் இருந்த டியூப் தொட்டிக்குள் விழுந்தது. தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தை, செத்த மனிதனை எட்டு வருஷமாக வெளியே போட்டிருக்கிறது.

"தங்கச்சி, நான் சொன்னது பொய். அவரு உயிரோட இருந்தாரு. என்னயப் பாத்துக் கையை நீட்டுனாரு. நாந்தான் பிடிக்காம விட்டுட்டேன்."

கண்ணாடியைச் சொன்னான், பெருமையைச் சொன்னான், ஒரு சாண் தூரத்தைச் சொன்னான். சொல்லச் சொல்லத் தேம்பித் தேம்பி அழுதான். அவள் அழவில்லை.

"பிடிக்க முடியாமப் போனதுக்கு உங்கள நான் ஒண்ணும் சொல்லல. பொய் சொன்னீகளே. எங்க சபை ஐயருகிட்ட வந்து சொல்லுங்க."

மறுநாளே கனியையும் கூட்டிக்கொண்டு போனான். சபையின் குருவானவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அன்றைக்கு ஒன்று சொன்னீர். இன்றைக்கு ஒன்று சொல்கிறீர். இந்த அம்மாவுக்கு இரங்கி இப்படிச் சொல்லவில்லை என்று நான் எதை வைத்து நம்ப?" என்றார். கனிக்குக் கயிறு தெரியும். தண்ணீருக்குள் நடந்தது தெரியாது. வேறு சாட்சி இல்லை. மூர்த்தி தரையில் விழுந்து கெஞ்சினான். குருவானவர் அவனைத் தூக்கி நிறுத்தி, காப்பி கொடுத்து அனுப்பினார். ஏசுதாசனைப் புதைத்த மேடு வேலிக்கு வெளியேதான் இருந்தது.

திரும்பும்போது பஸ் நிற்கிற இடம் வரை ஜெபமலர் கூட வந்தாள்.

"அவுக நம்பாட்டிப் போறாக. நான் நம்புதேன். அவரு எங்கள விட்டுட்டுப் போகணும்னு நெனைக்கல" என்றாள்.

அடுத்த ஆடியிலும் வந்தாள், கருப்பட்டி இல்லாமல். மூர்த்தி நழுவவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். குதித்ததிலிருந்து சொன்னான். கை வருகிற இடத்தில் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கடுத்த ஆடியிலும் வந்தாள். அதற்கடுத்ததிலும்.

"நீட்டுனாருல்ல?"

"நீட்டுனாரு, தங்கச்சி."

"எந்தக் கையி?"

"வலது கை."

"இன்னொருக்கச் சொல்லுங்க."