மழை பெய்தால் நினைவிருக்கும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயில் நுழைந்து காற்று ஈரமாகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆராய்ச்சி மாணவியின் ஞாபகம் வரும். பத்து வருடத்துக்கு முன்பு, நெல்லையிலிருந்து வரும் பாசஞ்சரில் எதிர் இருக்கையில் இருந்தாள். முப்பது வயதுக்குள் முன்தலை நரைத்திருந்தது. அடிக்கடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, துணி காய்ந்ததா என்று பார்ப்பதுபோல் காற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

கேட்காமலிருக்கும் நாகரிகம் எனக்கு ஏது? கேட்டேன்.

டைட்டானியம் ஆக்சைடைத் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிதாகப் பூசி, மூளையில் இருப்பது போன்ற நரம்பிணைப்பு ஒன்றைச் செயற்கையாகச் செய்திருக்கிறாளாம். மின்துடிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது பழகிக்கொண்டு நினைவில் வைக்குமாம்.

"மழ பெஞ்சு காத்து ஈரமானா அதுக்கு நல்லா ஓர்ம நிக்கும் அண்ணாச்சி. வெயிலடிச்சா எல்லாம் மறந்துபோவும். நாளைக்குப் பரிசோதிக்க வெளியூர்லேருந்து ஆளு வாறாவ. மூணு வருச பாடு."

எனக்கு எல்லாப் பருவத்திலும் மறக்கும் என்பதை மறைத்து, ஒரு யோசனை சொன்னேன்: "பக்கத்துல ஈரத்துணி ஒண்ணு போட்டு வையேன் மக்கா. ஆருக்குத் தெரியப் போவுது?"

"போட்டுப் பாத்தாச்சு, வேல செய்யும். ஆனா சொல்லாம காட்ட முடியுமா? வெயில்ல மறக்கும்னு மொதல்லயே எழுதிக் குடுத்துட்டேன். துணி இல்லாமத்தான் காட்டணும்."

"தோத்துப் போனா?"

"தோத்துப் போவேன்" என்று சிரித்துவிட்டு, மறுபடி கையை நீட்டினாள்.

மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. வற்றல் போட நல்ல நாள் என்று மனைவி மாடியேறினாள். நான் வாசலில் நின்று மலைப்பக்கம் மேகம் தேடிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.