தண்ணீர் வந்தால் கட்டிலைத் தட்டு: மாரிகுப்பத்தில் ஒரு வாரம்

தங்கவயலுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டருகே நின்று படம் எடுத்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். நான் போனது சால்டரிங் இரும்பும் ஒரு பை நிறைய ஒயருமாக. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் என் அக்கா மெர்சி போன் செய்தாள். "ஜெனி, நீதான் பாலிடெக்னிக்ல பசங்களுக்கு என்னென்னமோ சொல்லித் தர்றியே. தண்ணி வந்தா சொல்ற மாதிரி ஒரு மெசின் செஞ்சு குடுடி. இல்லன்னா என் வேலை போயிடும்."

விஷயம் இதுதான். அக்கா வாக்கப்பட்டது தங்கவயலின் கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில். வேலை பெங்களூரில், ஒரு துணிக் கம்பெனியில். விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவாள். வீட்டுக்காரர் ஓசூரில் வேலை செய்கிறார், ஞாயிறு மட்டும்தான் வீட்டில். தெருவில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரும், என்றைக்கு எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. குழாயைத் திறந்தே வைத்துவிட்டுப் போகவும் முடியாது. முதலில் வரும் செம்மண் கலங்கலை வெளியே விட்ட பிறகுதான் வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். இதற்காக அக்கா லீவு போட்டுப் போட்டு, இனி ஒரு நாள் சொல்லாமல் நின்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் ஆளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார். அக்காவின் மாமனார், எனக்கும் மாமாதான். தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலையில் இருபது வருஷம், அதன்பின் கேஜில் ஆள் ஏற்றி இறக்கிப் பெல் அடிக்கிற வேலை. கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. துளைத்த சத்தத்தில் காது இரண்டும் போய்விட்டது. வாசலில் தண்ணீர் அருவியாகக் கொட்டினாலும் உள்ளே நிம்மதியாகப் படுத்திருப்பார். போன், பஸ்ஸர் எதுவும் வேலைக்கு ஆகாது.

"காது கேக்கலன்னாகூடப் பரவால்லடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் முகம் குடுத்துப் பேசினதில்ல. காலைல நான் கிளம்பறப்போ செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்குவாரு. நான் வேலைக்குப் போறதே புடிக்கல போல" என்பது அக்காவின் நெடுநாள் புலம்பல்.

சனிக்கிழமை காலை காட்பாடியில் ரயில் ஏறினேன். பங்காரப்பேட்டை வரை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து மாரிகுப்பத்துக்குப் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். ஆனால் பகலில் அந்தக் கிளைப்பாதையில் ரயில் அபூர்வம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, நான்கு மசால் வடையைத் தீர்த்த பிறகு வண்டி வந்தது. அவசரக்காரர்கள் பஸ்ஸில் போய்விடுங்கள். நான் ரயிலுக்காகவே ரயிலில் போகிறவள். சாம்பியன் என்ற ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் வரிசை வீடுகள், பாதி வீட்டு வாசலில் நீல டிரம், பாதி வாசலில் சாமந்தி. பாதையே முடிந்துபோகிற ஊர் என்பதால் தூங்கினாலும் ஸ்டேஷனை விட்டுவிட மாட்டீர்கள்.

இனி மெசின். தெருமுனையில், எல்லோரும் பேபி அக்கா என்று கூப்பிடுகிறவள் வீட்டு வாசலில் ஒரு பொதுக்குழாய் இருக்கிறது. தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். குழாய்க்குக் கீழே, அடியில் ஊசி ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டம்ளர், டம்ளருக்குள் இரண்டு எவர்சில்வர் திருகாணிகள். தண்ணீர் விழுந்து இரண்டு திருகாணியும் நனைந்தால் மின்சாரம் பாயும். பக்கத்துச் சுவரில் பேட்டரியோடு ஒரு சின்ன ரேடியோ சர்க்யூட் பலகை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விழித்துப் பார்த்து, தண்ணீர் இருந்தால் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். அக்கா வீடு தெருவின் மறுகோடியில், நடுவில் கருங்கல் சுவர்கள். வைஃபை அவ்வளவு தூரம் போகாது, ரேடியோ போகும்.

அந்தச் செய்தியை வாங்கும் பலகை வீட்டுக்குள். அதில்தான் என் மூளையைக் காட்டியிருந்தேன். மின்சாரக் கதவுப் பூட்டுக்குள் ஒரு இரும்புக் குச்சி டக்கென்று முன்னால் வந்து போகும் அல்லவா, அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி மாமாவின் கட்டில் காலில் கட்டினேன். தண்ணீர் வந்தால் கட்டிலை ஒரு தட்டு. காது கேட்காதவருக்கும் முதுகு கேட்குமே! கூடவே வீட்டு வைஃபை வழியாக அக்கா போனுக்கும் ஒரு செய்தி.

புரோகிராம் ஏற்ற உட்கார்ந்தால் லேப்டாப்புக்குப் பலகையே தெரியவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், அக்கா வீட்டில் எடுத்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள். பசங்க செய்தால் காது திருகுவேன், நான் செய்தால் யார் திருகுவது? கேபிளை மாற்றியதும் ஏறியது.

சொம்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டாவது நிமிடத்தில் கட்டில் 'டக்' என்றது. மாமா கண்ணைத் திறந்தார். அக்கா அவர் காதருகே போய்க் கத்தினாள். "தட்டினா வால்வு மாமா! வால்வு!"

"வால்வுதான, தெரியும் போ. சும்னே கத்தாத" என்றார் அவர், தெருவுக்கே கேட்கிற குரலில்.

எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு.

திங்கட்கிழமை அக்கா நிம்மதியாக ரயில் ஏறினாள். எதற்கும் இருக்கட்டும் என்று வால்வைத் தொட்டிப் பக்கம் கொஞ்சூண்டு திறந்து வைத்துவிட்டுப் போனாள். நான் பஸ்ஸில் பேத்தமங்களா போனேன். தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரி. கரையில் நல்ல காற்று, ராகி வயல், ஆள் கூட்டம் இல்லை, அரை நாள் போதும். அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே அக்காவிடமிருந்து போன். "தண்ணி வந்துடுச்சுன்னு மெசேஜ் வந்துச்சுடி!" என்று குதித்தாள். ஏரிக்கரையில் நானும் குதித்தேன்.

மத்தியானம் திரும்பி வந்து தொட்டி மூடியைத் தூக்கினால் உள்ளே காய்ந்த தரை. வால்வு இறுக்கி மூடியிருந்தது. கொஞ்சூண்டு விழுந்திருக்க வேண்டிய தண்ணீரையும் மாமா எழுந்து போய், சுத்தமாக அடைத்துவிட்டு வந்து படுத்திருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கு எதிரே நின்று, வால்வை மூடுவதுபோல் கையைத் திருகிக் காட்டி, "ஏன் மாமா மூடினீங்க?" என்று கத்தினேன்.

"நீதான மூடச் சொன்ன! ஒண்ணு அட்ச்சா நிறுத்து. நிறுத்தினேன். இப்ப வந்து இன்னாத்துக்குச் சண்ட போடற?"

பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்து அப்போதுதான் வந்த பேபி அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கத் தொடங்கியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்ய, இன்னாமா நீ! கேஜ் பெல்லு ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா இறக்கு. இந்த லைன் வீடுங்கள்ல செவுத்த ஒரு தட்டு தட்டினா புள்ளைங்க ஆட்டத்த நிறுத்திடும், அடுப்பக்கூட அணைச்சிடுவோம். போயும் போயும் அவருகிட்ட ஒண்ணு அட்ச்சிக்கீறியே!"

நானும் அக்காவும் வேலூர்க்காரிகள். அக்கா இந்த ஊருக்கு வரும்போது சுரங்கத்தை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று மாலை ரயிலிலிருந்து இறங்கிய அக்கா காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, திட்டக்கூடத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த தண்ணிக்கு லீவு போட்டாகணும். அவ்ளோதான்டி" என்றாள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பாலிடெக்னிக்குக்குப் போன் செய்து லீவை நீட்டிவிட்டு, புரோகிராமைத் திருத்தினேன். தண்ணீர் வந்தால் இரண்டு தட்டு, அதாவது தொட்டிக்குள் இறக்கு. தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச், நிரம்பினால் ஒரு தட்டு, நிறுத்து. பேப்பரில் எழுதிக் காட்டியதும் மாமா முதன்முறையாக என்னை ஒரு ஆளாக மதித்துப் பார்த்தார். ஆனால் சோதனையில் இரண்டு தட்டியதும், அவர் கட்டில் சட்டத்தை விரலால் இரண்டு தட்டிவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"போங்க மாமா, இன்னும் என்ன?" என்று வாசலைக் கைகாட்டினேன்.

"பதில் அட்ச்சேனே, அது போச்சா? பதில் பெல் போகாம எவனாவது கேஜ நவுத்துவானா?"

சரிதான் என்று கடைத்தெரு இருக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோவில் போய், நாற்பது ரூபாய்க்கு ஒரு காலிங்பெல் சுவிட்ச் வாங்கிவந்து கட்டில் தலைமாட்டில் பொருத்தினேன். அவர் எத்தனை முறை அழுத்துகிறாரோ அந்த எண் அக்கா போனுக்குப் போகும்.

வியாழக்கிழமை அக்கா லீவு போடவில்லை. போடாதே என்று கெஞ்சி அனுப்பியிருந்தேன். பதினோரு மணி சுமாருக்குக் கட்டில் இரண்டு தட்டியது. என் கை பரபரத்தது, ஆனாலும் வாசற்படியை விட்டு எழவில்லை. நான் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவேன், இவர்தான் செய்தாக வேண்டும். மாமா சுவிட்சை இரண்டு அழுத்தினார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், என்னைத் தாண்டிப் போய்க் கலங்கலை வெளியே விட்டார், தெளிந்ததும் வால்வைத் திருப்பினார். திரும்பி வந்து கட்டிலில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு தட்டு. போய் மூடினார். அக்கா போன் செய்து, "தொட்டிகிட்ட போனைப் புடிடி" என்றாள். நிரம்பிய தொட்டியில் என்ன சத்தம் வரும்? கையை விட்டு அளைந்து காட்டினேன். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

இதைப் படித்துவிட்டுச் செய்யப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆன்டெனாவை மாட்டாமல் ரேடியோ பலகைக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள், பொசுங்கிவிடும். இரண்டு பலகையிலும் அலைவரிசை ஒன்றாக இருக்கட்டும், நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். திருகாணியில் உப்புப் படிந்தால் மெசின் பொய் சொல்லும், மாதம் ஒரு முறை துடைக்கச் சொல்லுங்கள். மொத்தச் செலவு எனக்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். எல்லாவற்றையும்விட முக்கியம், யாருக்காகச் செய்கிறீர்களோ அவருக்கு எத்தனை தட்டு என்ன அர்த்தம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுவிட்சில் ஒன்று, இரண்டு என்ற எண்கள் மட்டும் போதும் என்று கதவை அடைத்துவிடாதீர்கள், எந்த எண்ணை அழுத்தினாலும் போகட்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் ஓடும் ரயிலிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "உன் மெசின் கெட்டுப் போச்சுடி. தினமும் காலைல ரயில் கிளம்பினதும் மூணுன்னு வருது. தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல." நான் இங்கிருந்தே பார்த்தேன். மெசினில் கோளாறில்லை. யாரோ சுவிட்சை மூன்று முறை அழுத்துகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஆள். அவரையே கேள் என்றேன்.

அன்று மாலை பேப்பரில் எழுதிக் கேட்டிருக்கிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம், "மூணு அட்ச்சா கேஜ்ல ஆள் கீதுன்னு அர்த்தம். பாத்து ஓட்டுன்னு சொல்றது. ரயிலு கிளம்பினா கட்டில் கால் அதிரும், அப்ப அடிப்பேன். மின்ன எல்லாம் செவுத்துல தட்டுவேன். இப்ப சுவிட்சு கீது."

அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் எனக்குச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, "பதில் பெல் வேணும்ல? என் போன்லேர்ந்து அடிக்கிற மாதிரி செஞ்சு குடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்தபடியே புரோகிராமை மாற்றி அனுப்பினேன். மறுநாள் காலை சாம்பியன் ஸ்டேஷன் தாண்டும்போது அக்கா போனில் மூன்று வந்தது. அவள் திருப்பி மூன்று அழுத்தினாள், மாரிகுப்பத்தில் கட்டில் மூன்று முறை தட்டியது.