பலகையில் ஏறாத ஆறு பெயர்கள்

மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்பது தெரியும். படிப்பும் நாலாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ள வேண்டும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. நான் சொல்லாவிட்டால் இதையே வேறு விதமாகச் சொல்கிறவர்கள் சிராங்கூன் ரோட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்த மறு வருஷம் இது நடந்தது. தேக்காவில் மாட்டுக்கொட்டகைகள் இருக்கும் பக்கம்தான் என் வேலை. அங்கிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், நம் தமிழர்கள் சேர்ந்து ஒரு வாசகசாலை வைத்திருந்தார்கள். ஒரு அலமாரி நிறையப் புத்தகம், நாலு பெஞ்சு, கப்பலில் வரும் பத்திரிகைகள். நானும் அதில் ஒரு மெம்பர். புத்தகம் என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பைத்தியம். ஆனால் யாரோடும் பேசமாட்டேன். போவேன், புத்தகத்தை எடுப்பேன், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

அந்த வருஷம் வாசகசாலையில் ஒரு போட்டி வைத்தார்கள். மாதத்துக்கு ஒரு பொருள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். கடல், வைத்தியம், பிரயாணம், நீதி, பெண்கள், ஆகாயம் என்று ஆறு மாதத்துக்கு ஆறு. அந்தப் பொருளில் ஏதாவது ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்து, மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். காரியதரிசி மூன்று கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அந்த மாதம் தேறியது. ஆறு மாதமும் தேறியவர்களின் பெயரை ஒரு பெரிய பலகையில் வெள்ளை வர்ணத்தில் எழுதி, அலமாரிக்கு மேலே மாட்டுவார்கள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயசில் இப்படி ஒரு ஆசை. என் பெயர் எங்கேயாவது எழுதி மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரு பழக்கம், வாய்விட்டுத்தான் படிக்க வரும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். கண்ணால் மட்டும் படித்தால் ஒரு வரி கூட மண்டையில் ஏறாது. அதனால் வாசகசாலையில் உட்கார்ந்து படிக்க வெட்கம். புத்தகத்தைக் கொட்டகைக்கு எடுத்து வந்து, மத்தியானம் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓய்வு கொடுக்கும் நேரத்தில், ஒரு ஓரமாக உட்கார்ந்து படிப்பேன். வண்டிக்காரர்கள் ஆறு பேர் அங்கேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். முதல் மாதம், கடல் புத்தகம். மூன்றாம் நாள் ஒருவர் படுத்தபடியே சொன்னார்:

"அண்ணே, கொஞ்சம் ஒரக்கப் படிங்க. திமிங்கிலம் வந்ததுக்கப்புறம் காதுல விழல."

அவர் வண்டி நம்பர் முப்பத்தொன்று. எங்கள் கொட்டகையில் ஆளை வண்டி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவது. என்னைவிடப் பத்து வயசு இளையவர், நல்ல ஆகிருதி, கேள்வி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார். அன்றிலிருந்து ஆறு பேரும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஆறு பேருக்கும் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் நான் நேற்று எங்கே நிறுத்தினேன் என்பது எனக்கு மறந்தாலும் அவர்களுக்கு மறக்காது. பெண்கள் மாதத்தில் ஒரு கைம்பெண்ணின் கதையைப் படித்தேன். மூன்று நாள் கொட்டகையில் அதே சண்டை. அவள் அண்ணன் செய்தது சரி என்று ரெண்டு பேர், செருப்பால் அடிக்க வேண்டும் என்று நாலு பேர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட மறந்தார்கள்.

ஐந்து மாதம் நான் தேறினேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன், ஆனாலும் தேறினேன். அப்போது ஒருநாள் முப்பத்தொன்று கேட்டார்:

"ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு எங்க அண்ணே போறீங்க?"

பலகையைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப நாங்க படிச்சது?" என்றார் முப்பத்தொன்று.

'நீங்கள் எங்கே படித்தீர்கள்' என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கவில்லை. அவர் கேட்டது நியாயமாகப் பட்டது. புத்தகத்தில் இருந்தது எனக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவு அவர்களுக்கும் வந்திருந்தது. சில இடத்தில் அதிகமாகவே வந்திருந்தது.

அடுத்த ஞாயிறு போய், என்றும் பேசாத நான் காரியதரிசியிடம் பேசினேன். அவர் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. இங்கிலீஷ் படித்தவர், கெட்டிக்காரர். ஆறு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு பெஞ்சில் இருந்தவர்களிடம் காட்டிச் சிரித்தார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவன் பேரு வாசகர் பலகையிலயா? நாளைக்கு மாட்டுப் பேரையும் எழுதிக்கிட்டு வருவீரு போல."

வழக்கமாக நான் அந்த இடத்தில் திரும்பிப் போயிருப்பேன். அன்று போகவில்லை. "அவர்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அதற்குள் வாசகசாலைத் தலைவர் எழுந்து வந்தார். நாகூர்க்காரர், துணி வியாபாரி, எல்லோரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"கேட்டுத்தான் பாப்பமே. கடைசி மாசம் ஒரு ஆளைக் கொண்டாரச் சொல்லு. தேறினா ஆறு பேரையும் எழுதுவோம்" என்றார்.

அந்தக் கடைசி மாதம் ஆகாயம். இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஆகாயத்துக்கு நான் எடுத்த புத்தகம் பாதி வரை நன்றாகப் போயிற்று. பூமி உருண்டை, சந்திரன், நட்சத்திரம் எல்லாம் புரிந்தது. அப்புறம் கிரகணத்தைப் பற்றி ஒரு அத்தியாயம். ஒரு வரியில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத வடமொழிச் சொற்கள். வாய்விட்டுப் படித்தால் இடறும். இடறினால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்கள் என்னை விளையாட்டாக 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்த சமயம் அது. நான் ஒன்றும் சொல்லாமல் பதினெட்டுப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

முடித்த அன்று முப்பத்தொன்று கேட்டார்: "ஏண்ணே, கெரகணத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. அதுல இல்லையா?"

"இல்லை தம்பி" என்றேன்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு ஆறு பேரும் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சலவை வேட்டியில் வந்தார்கள். ஐந்து பேர் வெளியே, கடைவாசல் தாழ்வாரமான ஐந்தடி நடையில் நின்றார்கள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. ஆறு பேருக்காகவும் பதில் சொல்ல முப்பத்தொன்று மட்டும் உள்ளே வந்தார்.

முதல் கேள்வி, சந்திரன் ஏன் தேய்கிறது. அவர் யோசிக்கவே இல்லை. மேஜை விளக்கைக் காட்டி, "இது சூரியன். கிராணியாரு பூமி. நான் நெலா. இப்ப நான் உங்களச் சுத்தி வரேன். என் மூஞ்சில எங்க வெளிச்சம்னு பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி, காரியதரிசியைச் சுற்றியே வந்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இரண்டாவது, பூமி உருண்டை என்பதற்கு என்ன அத்தாட்சி. "கப்பல் வரப்ப மொதல்ல பொகை, அப்புறம் கொழாய், அதுக்கப்புறந்தான் ஒடம்பு தெரியும்னு போட்டிருக்கு. கடக்கரைப் பக்கம் லோடு ஏத்தப் போறப்ப நானே கவனிச்சுப் பாத்தேன். புத்தகம் சொல்றது சரிதான்" என்றார். புத்தகத்துக்கே நற்சாட்சி கொடுத்ததில் நானா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்றாவதாகக் காரியதரிசி கேட்டார்: "கிரகணம் எப்படி உண்டாகுது?"

நான் தாண்டிய அத்தியாயம் அது.

முப்பத்தொன்று நிமிர்ந்து நின்று சொன்னார்: "அந்தப் புத்தகத்துல கெரகணம் இல்லீங்க."

காரியதரிசி நான் கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். "முழுசா பதினெட்டுப் பக்கம் இருக்கு!"

சிரிப்புச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே நின்ற ஐந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "பொய் சொல்றதுன்னாலும் ஒரு அளவு வேணாமா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். முப்பத்தொன்று அசையவில்லை. "இல்லைன்னா இல்லதாங்க. எங்க அண்ணன் சொன்னாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் என்னை எழுப்பியது.

நான் எழுந்து நின்றேன். அன்று தரையைப் பார்க்கவில்லை. அத்தியாயம் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை, எனக்குப் புரியவில்லை, புரியாததைச் சொல்ல வெட்கப்பட்டுத் தாண்டிவிட்டேன், கேட்டபோது இல்லை என்று பொய்யும் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் சொன்னேன்: "இந்த மாசம் தேறாதவன் நான். அவர் இல்லை. நான் வாசிச்சதுல ஒரு வரி அவர் விடலை. என் பேரை அடிச்சிடுங்க. அவங்க ஆறு பேரையும் எழுதுங்க."

காரியதரிசி கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. "உம்ம நேர்மைய மெச்சுறேன். ஒரு வாரத்துல அந்த அத்தியாயத்தைப் படிச்சிட்டு வாரும், உம்ம பேரை எழுதிடறோம். வண்டிக்காரங்க விஷயத்தை விட்டுடும். கேக்குறது வேற, படிக்கிறது வேற" என்றார்.

"கோயில்ல உக்காந்து புராணம் கேக்குறவங்களுக்குப் புராணம் தெரியாதுன்னு நீங்க சொல்வீங்களா?" என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

"எங்க பள்ளிவாசல்லயும் ஓதுறதக் கேக்குறவனுக்கு நன்மை கிடையாதுன்னு யாரும் சொன்னதில்லப்பா" என்றார் நானா. ஆனால் அவர் தன் இஷ்டத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. மெம்பர்களைக் கை தூக்கச் சொன்னார். எங்கள் பக்கம் ஆறு கை. அந்தப் பக்கம் ஒன்பது.

"சரி. அவங்க பேரு இல்லாத பலகையில என் பேரும் வேணாம்" என்றேன். காரியதரிசி கையிலிருந்த ஆகாயப் புத்தகத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். "தவணை முடிய இன்னும் மூணு நாள் இருக்கு, கையெழுத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏழு பேரும் சிராங்கூன் ரோட்டோரமாக நடந்தோம். பலகை போனதைவிட, அந்த ஆளை அத்தனை பேர் முன்னால் பொய்யனாக நிற்க வைத்தது எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. கொட்டகை வாசலில் நின்று, "தம்பி, என்னை நாலு வார்த்தை திட்டிடு" என்றேன்.

"திட்டத்தான் போறேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்றதுக்கு என்னண்ணே? எங்களுக்கு என்ன எல்லாமா புரியுது? ஏழு பேருமா சேந்து புரியாம உக்காந்திருப்போமே, என்ன கெட்டுப்போச்சு!"

மற்ற ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். நான் அழுதேன் என்று பிறகு கதை கட்டினார்கள். அது பொய்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பலகையில் இப்போது ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. எங்கள் ஏழு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. ஆனால் ஒரு மாதம் கூட நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு கடைசி ஞாயிறும் ஏழு பேரும் போகிறோம். இப்போது ஐந்தடி நடையில் யாரும் நிற்பதில்லை, பெஞ்சில்தான் உட்காருகிறோம். நான் எழுந்து நின்று புத்தகத்தைச் சொல்கிறேன். புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே சொல்கிறேன். கடைசியில், இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் என்று ஆறு பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். காரியதரிசி எழுதிக்கொள்வதில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவும் அவரால் முடியாது. இங்கேயும் அந்தப் பெயர்களை எழுதியிருப்பேன். ஊருக்குச் சொல்லாமல் கப்பலேறியவர்கள் ரெண்டு பேர் அதில் இருப்பதால், பத்திரிகையில் வேண்டாம் என்று அவர்களே தடுத்துவிட்டார்கள்.

'எனக்குத் தெரியாது' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டவனை அதற்குமேல் எதைக் காட்டியும் பயமுறுத்த முடியாது என்பதை நான் நாற்பத்தாறு வயசில்தான் கற்றுக்கொண்டேன்.

பலகையை விட்டு வந்த அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மூன்று மாடுகளுக்கு லாடம் அடித்தேன். மத்தியானம் கிரகண அத்தியாயத்தில் இரண்டு பக்கம் வாசித்தோம். மழை வந்துவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டோம்.